பேட்டரி, ஜாக், எஃப்.எம். போனது ஒரு கதை. போன் யார் பேச்சைக் கேட்கிறது என்பது இன்னொரு கதை

நண்பர் கேட்ட கேள்வி சுருக்கமாக இதுதான். 2014 வாக்கில் அவர் வாங்கிய போனில் பேட்டரியை நகத்தாலேயே கழற்றலாம், மெமரி கார்டு போடலாம், இயர்போனைச் செருகி எஃப்.எம். கேட்கலாம், பேசுவதைப் பதிவு செய்துகொள்ளலாம். இப்போது அதைப்போல் மூன்று மடங்கு விலை கொடுத்து வாங்கிய போனில் இந்த நான்கும் இல்லை. "இது முன்னேற்றமா, இல்லை நம்மை ஏமாற்றுகிறார்களா?" என்று கேட்டிருக்கிறார். இதற்குள் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. போனிலிருந்து சில பாகங்கள் ஏன் காணாமல் போயின என்பது ஒன்று. மிச்சமிருக்கும் போனில், காசு கொடுத்து வாங்கியவரின் பேச்சு எவ்வளவு எடுபடுகிறது என்பது இன்னொன்று. பாகங்கள் விஷயத்தில் கம்பெனிகள் பக்கம் பாதி நியாயம் உண்டு. எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருவது இரண்டாவது.

பட்டன் போன் காலத்திலிருந்து மொபைல் சர்வீஸ் செய்கிறேன். டிஸ்ப்ளே மாற்றுவது, போர்டு வேலை, சாஃப்ட்வேர் ஏற்றுவது எல்லாம் கை பழகியவை. ஆனால் எந்தக் கம்பெனியின் மீட்டிங்கிலும் உட்கார்ந்தவன் இல்லை. அதனால் எது எப்படி வேலை செய்கிறது, என்ன நடந்தது என்று நான் சொல்வதை உறுதியாக எடுத்துக்கொள்ளலாம். எதற்காகச் செய்தார்கள் என்று சொல்லும் இடங்களில் அது என் ஊகம்.

என் மேஜைக்கு அதிகம் வருவது பேட்டரிதான், அதிலிருந்து தொடங்குகிறேன். கையால் கழற்றும் பேட்டரிக்குக் கெட்டியான ஒரு கூடு வேண்டும். பையில் சாவிக்கொத்தோடு கிடந்தாலும் அது குத்துப்படக்கூடாது, குத்துப்பட்டால் தீப்பிடிக்கும். அந்தக் கூடு, அது உட்காரும் பள்ளம், மின்சாரம் எடுக்கும் முனைகள், கழற்றி மாட்டும் பின்மூடி எல்லாம் சேர்ந்து இடத்தைத் தின்னும். உள்ளேயே ஒட்டிவிட்டால் மெல்லிய உறை போட்ட பேட்டரி போதும். மிச்சமாகும் இடத்தில் இன்னும் கொஞ்சம் பெரிய பேட்டரி வைக்கலாம், அல்லது போனை ஒல்லியாக்கலாம். இதுவரை நியாயம்தான்.

ஆனால் தண்ணீர் புகாமல் இருக்கத்தான் மூடினார்கள் என்ற விளக்கத்தை முழுதாக நம்ப வேண்டாம். 2014-ல் வந்த சாம்சங் கேலக்ஸி எஸ்5-க்கு ஐபி67 தரம் (தூசி, தண்ணீர் தாங்கும் அளவு) இருந்தது, பின்மூடியைக் கையால் திறந்து பேட்டரியும் மாற்றலாம். உள்ளே 2800 எம்ஏஎச் கொள்ளளவுள்ள பேட்டரி. அடுத்த வருடம் வந்த எஸ்6-ல் பேட்டரியை மூடினார்கள், மெமரி கார்டை எடுத்தார்கள், தண்ணீர் பாதுகாப்பையும் விட்டார்கள், பேட்டரியும் 2550-க்கு இறங்கியது. பதிலுக்குக் கிடைத்தது என்ன? 8.1 மில்லிமீட்டர் தடிமன் 6.8 ஆனது, கண்ணாடி முதுகு வந்தது. அதே சாம்சங் 2022-ல் எக்ஸ்கவர்6 ப்ரோ என்று ஒரு போன் விட்டது. ஐபி68, கழற்றும் பேட்டரி, ஹெட்போன் ஜாக், மெமரி கார்டு எல்லாம் அதில் உண்டு. கிடங்கு, தொழிற்சாலை மாதிரி கரடுமுரடான வேலை இடங்களுக்கென்று செய்த போன் அது. ஆக, செய்யத் தெரியாமல் இல்லை. ஷோரூம் கண்ணாடிக்குப் பின்னால் அழகாகத் தெரிய வேண்டிய போனில் செய்ய மனமில்லை.

மூடிய பேட்டரியால் என் மேஜையில் என்ன நடக்கிறது என்றால், பின்பக்கக் கண்ணாடியைச் சூடாக்கி, பசை இளகியதும் மெல்லிய தகட்டை விட்டுப் பொறுமையாகப் பிரிக்க வேண்டும். பழைய போன் என்றால் கண்ணாடி விரிசல் விட நல்ல வாய்ப்பு உண்டு. பேட்டரியை அடியில் பசை போட்டு ஒட்டியிருந்தால் நெம்பும்போது வளைந்துவிடும், அதுதான் ஆபத்தான கட்டம். திரும்ப மூடும்போது புதிய பசைச்சட்டம் ஒட்டாவிட்டால் தண்ணீர் பாதுகாப்பு அன்றோடு முடிந்தது. ஐந்து நிமிட வேலை, கூலியும் ரிஸ்க்கும் உள்ள வேலையாகிவிட்டது. சாதாரண லித்தியம் பேட்டரி 500 முழு சார்ஜுக்குப் பிறகு 80 சதவீதத்துக்கு இறங்குவது இயல்பு. தினம் ஒருமுறை சார்ஜ் போடுபவருக்கு அது ஒன்றரை வருடக் கணக்கு. அந்த நேரத்தில் "இதுக்கு இவ்வளவு செலவா, புதுசே வாங்கிடலாம்" என்று சொல்லிவிட்டுப் போகிறவர்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். இதைக் கம்பெனிகள் திட்டமிட்டே செய்தன என்று நிரூபிக்க என்னால் முடியாது. இதனால் அவர்களுக்கு நஷ்டம் இல்லை என்பது மட்டும் தெரியும்.

ஹெட்போன் ஜாக்கில் கதை இன்னும் வெளிப்படை. அதற்கு முன்பே ஜாக் இல்லாத சில போன்கள் வந்திருந்தாலும், வழியைத் திறந்துவிட்டது 2016 செப்டம்பரில் வந்த ஐபோன் 7. அதே மேடையில் அதே நாள் ஏர்பாட்ஸும் அறிமுகமானது. அடுத்த மாதம் கூகுள் தன் முதல் பிக்சலை விட்டபோது, எங்களிடம் ஜாக் இருக்கிறது என்று விளம்பரத்தில் கிண்டல் செய்தது. ஒரு வருடம் கழித்து பிக்சல் 2-ல் ஜாக் இல்லை. சாம்சங்கும் கேலி செய்துவிட்டு 2019-ல் நோட் 10-ல் எடுத்தது. இடம் மிச்சம், தூசி போகும் ஓட்டை ஒன்று குறைவு என்பதெல்லாம் உண்மை. ஆனால் ஜாக்கை எடுத்த கம்பெனிகள் அநேகமாக எல்லாமே வயர்லெஸ் இயர்பட்ஸ் விற்கத் தொடங்கின என்பதும் உண்மை. எது முதல் காரணம், எது இரண்டாம் காரணம் என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

ஜாக்கோடு சேர்ந்து சத்தமில்லாமல் போனது எஃப்.எம். இதைப் பலர் தனி விஷயம் என்று நினைக்கிறார்கள். எஃப்.எம். அலையின் நீளம் சுமார் 3 மீட்டர். அதைப் பிடிக்க அதில் கால்வாசியாவது, அதாவது முக்கால் மீட்டர் கம்பி இருந்தால் நல்லது. இயர்போன் வயரைத்தான் போன் ஆன்டெனாவாகப் பயன்படுத்தியது. அதனால்தான் இயர்போன் செருகாமல் ரேடியோவைத் திறந்தால் "ஹெட்செட்டை இணைக்கவும்" என்று வந்தது. வயர் போனதும் ஆன்டெனா போயிற்று. பல போன்களில் வைஃபை, புளூடூத்துக்கான சிப்பிலேயே எஃப்.எம். பகுதியும் உண்டு, அதை இணைக்காமல் விட்டிருப்பார்கள். 2017-ல் அமெரிக்காவில் அடுத்தடுத்துப் புயல் அடித்தபோது, எஃப்.எம். சிப்பை இயக்கிவிடுங்கள் என்று அந்நாட்டுத் தகவல்தொடர்பு ஆணையத் தலைவர் அஜித் பாய் ஆப்பிளைக் கேட்டார். ஐபோன் 7, 8-ல் அதற்கான சிப்பும் இல்லை, ஆன்டெனாவும் இல்லை என்று பதில் வந்தது. நம் மத்திய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகமும் 2023-ல், பேரிடர் நேரத்துக்கு உதவும் என்று சொல்லி, எஃப்.எம். வசதியை முடக்காதீர்கள் என்று போன் தயாரிப்பாளர்களுக்கு அறிவுறுத்தியது. அது அறிவுரைதான், கட்டாயம் இல்லை. டவர் படுத்துவிட்டால் ஓடிடியும் இல்லை, வாட்ஸ்ஆப்பும் இல்லை. புயல் சமயத்தில் கடலோர மாவட்டங்களில் இருந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

மெமரி கார்டு பற்றி மட்டும் நான் கம்பெனிகளோடு ஓரளவு ஒத்துப்போவேன். போனுக்குள் இருக்கும் ஸ்டோரேஜின் வேகத்துக்கு மெமரி கார்டு பக்கத்திலேயே வராது. சந்தையில் போலிக் கார்டுகள் கொட்டிக் கிடக்கின்றன. அட்டையில் பெரிய கொள்ளளவு போட்டிருக்கும், உள்ளே அதில் சொச்சம்தான் இருக்கும், நிரம்பியதும் பழைய படங்களையே அழித்து எழுதும். குழந்தையின் முதல் வருடப் படங்கள் மொத்தமும் போன கார்டை நீட்டி "எப்படியாவது எடுத்துக் கொடுங்க" என்று நிற்பவர்களிடம் இல்லை என்று சொல்வது இந்தத் தொழிலில் கஷ்டமான வேலை. ஆனாலும் குறைந்த விலை போன்களில் கார்டு இடம் இன்னும் இருக்கிறது, விலை ஏற ஏறத்தான் மறைகிறது. சாம்சங் எஸ்6-ல் எடுத்து, எஸ்7-ல் திரும்பக் கொடுத்து, 2021-ல் எஸ்21-லிருந்து மீண்டும் எடுத்துவிட்டது. 128-லிருந்து 256 ஜிபிக்குப் போக வாங்குபவர் கொடுக்கும் கூடுதல் விலையைப் பார்த்தால் காரணத்தை ஊகிக்கலாம்.

பாகங்கள் கதை இவ்வளவுதான். பிடிக்காவிட்டால் அவை உள்ள வேறு போன் வாங்கலாம், வாங்கும் முன்பே தெரிந்துவிடும். அடுத்து வருவது அப்படியல்ல. நீங்கள் வாங்கியபோது இருந்த உரிமை, வாங்கிய பிறகு ஒரு அப்டேட்டில் போய்விடலாம். வாடகை வீட்டில் ஆணி அடிக்க ஓனரைக் கேட்பது போல, சொந்தப் போனில் ஒரு வேலை செய்ய அனுமதி கேட்கும் நிலை வந்திருக்கிறது.

இங்கே உடனே கம்பெனிகளைத் திட்டிவிடக் கூடாது, ஏனென்றால் கட்டுப்பாடு நம்மைக் காப்பாற்றிய சந்தர்ப்பங்களும் உண்டு. பழைய ஆண்ட்ராய்டில் ஒரு செயலிக்கு ஸ்டோரேஜ் அனுமதி கொடுத்தால் போனில் உள்ள எல்லாப் படங்களையும் கோப்புகளையும் அது படிக்கலாம். உடனடிக் கடன் ஆப்கள் இதை வைத்து என்ன செய்தன என்று நம் ஊரில் பலருக்குத் தெரியும். காண்டாக்ட்ஸையும் படங்களையும் உருவிக்கொண்டு, தவணை தவறினால் உறவினர்களுக்கெல்லாம் அசிங்கமாக மெசேஜ் அனுப்பினார்கள். 2022 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி தன் டிஜிட்டல் கடன் விதிமுறைகளில் கடன் ஆப்கள் இவற்றைத் தொடக்கூடாது என்றது, 2023-ல் கூகுளும் பிளே ஸ்டோர் விதியாக்கியது. 2020-ல் வந்த ஆண்ட்ராய்டு 11-லிருந்து ஒவ்வொரு செயலியும் தன் பெட்டிக்குள் அடங்கி இருக்க வேண்டும் என்று ஆக்கியதால், கோப்புகளைத் தேடி எடுப்பது எனக்கு எரிச்சலாகத்தான் இருக்கிறது. பழைய வாட்ஸ்ஆப் கோப்புறை எங்கே போயிற்று என்று கேட்காத வாடிக்கையாளர் இல்லை. இருந்தும் அந்த மாற்றத்தை நான் குறை சொல்ல மாட்டேன்.

கட்டுப்பாடு நம் கைக்கு வந்ததும் உண்டு. 2013-ல் ஆண்ட்ராய்டு 4.3-ல் ஒவ்வொரு செயலியின் அனுமதியையும் தனித்தனியாக அணைக்கும் ஒரு மறைவான செட்டிங் இருந்தது. சிலர் அதைக் கண்டுபிடித்துப் பயன்படுத்தத் தொடங்கிய கொஞ்ச நாளில், அந்த டிசம்பரிலேயே 4.4.2 அப்டேட்டில் எடுத்துவிட்டார்கள். பிறகு 2015-ல் ஆண்ட்ராய்டு 6-ல் அதுவே முறையான வசதியாக எல்லாருக்கும் வந்தது. இன்று கேமரா, மைக், லொகேஷன் என்று ஒவ்வொன்றாக மறுக்கலாம். ஆனால் கவனித்திருக்கிறீர்களா, இன்டர்நெட் அனுமதி அந்தப் பட்டியலில் இல்லை. டார்ச் ஆப்புக்கு இன்டர்நெட் வேண்டாம் என்று நீங்கள் சொல்ல கூகுளின் ஆண்ட்ராய்டில் நேரான சுவிட்ச் கிடையாது. தொழில்நுட்பத் தடை எதுவும் இல்லை. பிக்சல் போன்களில் ஏற்றும் கிராஃபீன் ஓஎஸ் என்ற வெளியார் ஆண்ட்ராய்டில் அந்த சுவிட்ச் இருக்கிறது. விளம்பரம் ஓட இன்டர்நெட் வேண்டும், கூகுளின் பிழைப்பே விளம்பரம். இது என் ஊகம்தான், ஆனால் அவ்வளவு கஷ்டமான ஊகம் இல்லை.

நண்பர் குறிப்பிட்ட அழைப்புப் பதிவு இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. எதிர்முனைக் குரலை நேரடியாக எடுக்கும் வழியை ஆண்ட்ராய்டு, போன் கம்பெனியே போட்டுத் தரும் செயலிகளுக்கு மட்டும் வைத்துக்கொண்டது. மற்றவர்கள் சந்து பொந்தில் புகுந்து செய்து வந்தார்கள். ஆண்ட்ராய்டு 9, 10-ல் அந்தச் சந்துகளை அடைத்தார்கள். கடைசியில், பார்வையற்றவர்களுக்கும் மற்ற மாற்றுத்திறனாளிகளுக்கும் உதவ வைத்திருந்த அக்சஸிபிலிட்டி வசதி வழியாகப் பதிவு செய்தார்கள். 2022 மே 11 முதல் அதையும் பிளே ஸ்டோர் தடை செய்தது. ட்ரூகாலர் போன்றவை அப்போது வசதியை நிறுத்தியது அதனால்தான். கலிஃபோர்னியா மாதிரி சில அமெரிக்க மாநிலங்களில் பேசும் எல்லாரும் சம்மதித்தால்தான் பதிவு செய்யலாம். அங்குள்ள சட்டத்துக்குப் பயந்து உலகம் முழுக்க ஒரே பூட்டைப் போடுவதுதான் எனக்கு இதில் ஒவ்வாதது. தொழில் செய்பவர் ஆர்டரைப் பதிவு செய்து வைப்பார், வயதானவர் டாக்டர் சொன்னதைத் திரும்பக் கேட்க வைத்துக்கொள்வார். கூகுள் டயலரில் (அழைப்புச் செயலியில்) பதிவு பொத்தானை அழுத்தினால் இரண்டு பக்கமும் அறிவிப்பு ஒலிக்கும். ஆப்பிள் 2024-ல் ஐஓஎஸ் 18.1-ல் கொடுத்ததும் அதே மாதிரிதான். நேர்மையான வழிதான், மறுக்கவில்லை. ஆனால் அறிவிப்பு ஒலித்ததும் கடன் வசூல்காரர் மிரட்டலை நிறுத்திக்கொண்டு மரியாதையாகப் பேசுவார் என்பதும் நடைமுறை.

வெளியிலிருந்து ஏபிகே (செயலிக் கோப்பு) போடும் விஷயத்துக்கு வருவோம். ஐபோனில் அது ஆரம்பத்திலிருந்தே இல்லை. 2024-ல் ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சந்தைச் சட்டத்தின் கட்டாயத்தால்தான் அங்கே மாற்றுச் செயலிக் கடைகளுக்கு வழிவிட்டார்கள். ஆண்ட்ராய்டின் பெருமையே இந்தச் சுதந்திரம். கூகுள் 2025 ஆகஸ்டில் ஒரு அறிவிப்பு செய்தது: சான்றளிக்கப்பட்ட ஆண்ட்ராய்டு போன்களில், அடையாளத்தைப் பதிவு செய்த டெவலப்பர்களின் செயலிகள்தான் இனி ஏறும். 2026 செப்டம்பரில் பிரேசில், இந்தோனேசியா, சிங்கப்பூர், தாய்லாந்தில் தொடக்கம், பிறகு மற்ற நாடுகள். பிளே ஸ்டோரில் இல்லாத செயலிக்கும் இது பொருந்தும். திறந்த மூல செயலிகளை விநியோகிக்கும் எஃப்-டிராய்டு கடுமையாக எதிர்த்தது. எதிர்ப்பு வலுத்த பிறகு நவம்பரில், விவரம் தெரிந்தவர்கள் எச்சரிக்கைகளைக் கடந்து போட்டுக்கொள்ளத் தனி வழி வைக்கிறோம் என்று கூகுள் சொன்னது.

இதில் என் மனம் இரண்டாகத்தான் இருக்கிறது. கல்யாணப் பத்திரிகை என்றும், டிராஃபிக் அபராதம் என்றும் வாட்ஸ்ஆப்பில் வரும் ஏபிகேயைத் தொட்டு வங்கிக் கணக்கைக் காலி செய்துகொண்டவர்களின் போனைச் சுத்தம் செய்திருக்கிறேன். ஓய்வூதியப் பணம் போய் உட்கார்ந்திருக்கும் ஒரு பெரியவரிடம் மென்பொருள் சுதந்திரம் பற்றிப் பேச எனக்கு வாய் வராது. ஆனால் அவரைக் காப்பாற்றும் பூட்டின் கடைசிச் சாவி ஒரே ஒரு கம்பெனியிடம் இருப்பது வேறு பிரச்சினை. ஒரு வசதி சரியா தப்பா என்று பார்க்க நான் வைத்திருக்கும் அளவுகோல் எளிது. பூட்டு இருக்கட்டும், உறுதியாகவே இருக்கட்டும். போனின் சொந்தக்காரர் "எனக்குத் தெரியும், என் பொறுப்பு" என்று சொன்னால் திறக்க ஒரு வழி, எவ்வளவு சுற்றுவழியாக இருந்தாலும், இருக்கிறதா? இருந்தால் அது பாதுகாப்பு. இல்லையென்றால் பாதுகாப்போடு சேர்த்து வேறு எதையோ காக்கிறார்கள்.

அந்த அளவுகோலில் மோசமாகத் தோற்பது பூட்லோடர். போனை ஆன் செய்ததும் எந்த இயங்குதளத்தை ஏற்றுவது என்று முடிவு செய்யும் சின்ன நிரல் அது. அதைத் திறக்க முடிந்தவரை, கம்பெனி கைவிட்ட போனிலும் லினேஜ் ஓஎஸ் மாதிரி வெளியார் செய்த இயங்குதளம் எதையாவது ஏற்றி இன்னும் சில வருடம் ஓட்டினோம். ஹுவாவே 2018-ல் திறப்புக் குறியீடு கொடுப்பதை நிறுத்தியது. ஷாவ்மி விதிகளை இறுக்கிக்கொண்டே வருகிறது. சாம்சங் தன் போன்களில் போடும் ஆண்ட்ராய்டான ஒன் யூஐயின் 2025 பதிப்பு 8-ல் அதற்கான செட்டிங்கே மறைந்தது. திறந்தாலும் இன்னொரு சுவர் உண்டு. வங்கி ஆப்களும் யூ.பி.ஐ. ஆப்களும் கூகுளின் சோதனை வழியாக இந்தப் போன் தொடப்படாததா என்று கேட்டுக்கொள்கின்றன. இதில் ஒரு வேடிக்கை: பல வருடமாகப் பாதுகாப்பு அப்டேட்டே வராத பழைய போன், பூட்டு திறக்கப்படவில்லை என்பதற்காகப் பெரும்பாலும் தேறிவிடும். அதே மாடலில் போன மாதத்துப் பாதுகாப்புத் திருத்தத்தோடு லினேஜ் ஓஎஸ் ஓடினால் தேறாது. எது பாதுகாப்பானது என்று என்னைக் கேட்டால் இரண்டாவதைத்தான் சொல்வேன். மாற்றப்பட்ட போனில் மோசடிக்கான வாய்ப்பு அதிகம் என்ற வங்கிகளின் பயத்தில் அர்த்தம் இல்லாமல் இல்லை, திருடர்களும் இதே வழியைத்தான் பயன்படுத்துவார்கள். ஆனாலும் இந்தச் சோதனை அளப்பது பாதுகாப்பை அல்ல, கீழ்ப்படிதலை.

சர்வீஸ்காரன் என்ற முறையில் என்னை நேரடியாகத் தொடுவது பாகங்களைப் போர்டோடு ஜோடி சேர்ப்பது, அதாவது அந்தப் போனோடு வந்த பாகத்தை மட்டுமே போன் முழுதாக ஏற்கும்படி செய்வது. 2016-ல் ஐபோன் 6 காலத்தில் வெளியே ஹோம் பட்டன் மாற்றியவர்கள் அப்டேட் போட்டதும் போன் "எரர் 53" காட்டிச் செத்தது. கூச்சல் எழுந்த பிறகு ஆப்பிள் திருத்தம் விட்டது. ஆஸ்திரேலியாவில் இதற்காக 2018-ல் 90 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் அபராதமும் விதித்தார்கள். 2021-ல் ஐபோன் 13 வந்தபோது, ஒரிஜினல் டிஸ்ப்ளேயை இன்னொரு ஐபோன் 13-லிருந்து எடுத்து மாட்டினாலும் ஃபேஸ் ஐடி வேலை செய்யவில்லை. பழைய டிஸ்ப்ளேயில் இருந்த குட்டி ஐசியை மைக்ராஸ்கோப் வைத்துப் பிடுங்கிப் புதியதில் ஒட்டினால்தான் வழி. அந்த டிசம்பரில் ஐஓஎஸ் 15.2-ல் அதை விட்டுக்கொடுத்தார்கள். கைரேகை சென்சாரை ஜோடி சேர்ப்பதில் பாதுகாப்புக் காரணம் இருப்பதை ஏற்கிறேன், அது பணத்தின் சாவி. டிஸ்ப்ளேயிலும் பேட்டரியிலும் என்ன ரகசியம் இருக்கிறது? அமெரிக்காவின் ஓரிகன் மாநிலம் 2024-ல் இப்படி ஜோடி சேர்த்துப் பழுதுபார்ப்பதைத் தடுக்கக் கூடாது என்று சட்டமே போட்டது.

அடிக்கடி கேட்கும் ஒரு சந்தேகத்தையும் சொல்லிவிடுகிறேன்: அப்டேட் கொடுத்து வேண்டுமென்றே போனை மெதுவாக்குகிறார்களா? ஒரு வழக்கு உறுதியானது. பழைய பேட்டரி உள்ள ஐபோன்களின் வேகத்தைப் பயனருக்குத் தெளிவாகச் சொல்லாமல் குறைத்ததை 2017 டிசம்பரில் ஆப்பிள் ஒப்புக்கொண்டது. திடீரென்று அணைந்துபோவதைத் தடுக்கத்தான் என்றது, தொழில்நுட்ப ரீதியில் அது சரியான விளக்கமே. தப்பு, சொல்லாமல் செய்தது. 79 டாலர் பேட்டரி மாற்றும் கட்டணத்தை 29 ஆக்கினார்கள், பிரான்ஸ் 2020-ல் இரண்டரைக் கோடி யூரோ அபராதம் போட்டது. அதை வைத்து எல்லாக் கம்பெனியும் எல்லா அப்டேட்டிலும் இதையே செய்கின்றன என்று சொல்ல ஆதாரம் இல்லை. என் மேஜைக்கு "அப்டேட்டுக்கு அப்புறம் ஸ்லோ" என்று வரும் போன்களில் பெரும்பாலும் ஸ்டோரேஜ் நிரம்பியிருக்கும், அல்லது பேட்டரி தளர்ந்திருக்கும்.

இவை மாறுமா என்றால், மாறிய இடங்களில் எல்லாம் மாற்றியது சட்டம்தான். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் விற்கும் போன்களில், பேட்டரியைப் பயனரே மாற்ற முடிய வேண்டும், இல்லையேல் 1000 சார்ஜுக்குப் பிறகும் 80 சதவீதம் மிஞ்சும் பேட்டரியும் தண்ணீர் பாதுகாப்பும் இருக்க வேண்டும். ஒரு மாடலின் விற்பனை நின்றபின் 7 வருடம் உதிரிபாகமும் 5 வருடம் அப்டேட்டும் கொடுக்க வேண்டும். இந்தியாவில் போட்டி ஆணையம் 2022 அக்டோபரில் ஆண்ட்ராய்டு விஷயத்தில் கூகுளுக்கு 1337.76 கோடி ரூபாய் அபராதம் விதித்தது, அதன் பிறகு இங்கே சில நிபந்தனைகளை கூகுள் தளர்த்தியது. ஆனால் அரசு என்றால் எப்போதும் நம் பக்கம் என்று நினைக்க வேண்டாம். 2025 நவம்பர் கடைசியில் தொலைத்தொடர்புத் துறை, சஞ்சார் சாத்தி என்ற அரசுச் செயலியை எல்லாப் புதுப் போன்களிலும் கட்டாயமாக ஏற்றச் சொன்னது. எதிர்ப்பு வந்ததும் டிசம்பர் 3 அன்று விலக்கிக்கொண்டது. போனில் என்ன இருக்க வேண்டும் என்று சொந்தக்காரரைக் கேட்காமல் முடிவு செய்யும் பழக்கம் கம்பெனிகளுக்கு மட்டும் இல்லை.

சரி, நண்பருக்கு உடனடியாக உதவக்கூடியவை. பதிவு வசதிதான் முக்கியம் என்றால் வாங்கும் முன் கடையிலேயே அந்த மாடலின் டயலரைத் திறந்து பாருங்கள். சில கம்பெனிகளின் சொந்த டயலரில் இந்தியாவில் அது இருக்கிறது, கூகுள் டயலர் போட்டு வருவதில் அறிவிப்பு ஒலிக்கும். எஃப்.எம்.முக்கு சி-டைப் அடாப்டர் வாங்கி ஏமாற வேண்டாம், பாட்டு கேட்கும், ரேடியோ பெரும்பாலும் பிடிக்காது. புயல் அடிக்கும் பகுதியில் இருப்பவர் ஒரு சின்ன ரேடியோ வாங்கி வைப்பது மலிவு. புதிய போனில் ஜாக், கார்டு இரண்டும் வேண்டுமென்றால் நடுத்தர, குறைந்த விலை மாடல்களில்தான் தேட வேண்டும். பெரிய ஆண்ட்ராய்டு அப்டேட் வந்த அன்றே போடாதீர்கள், உங்கள் மாடலில் என்ன போயிற்று என்று மற்றவர்கள் எழுதும்வரை ஓரிரு வாரம் பொறுங்கள். மாதாந்திரப் பாதுகாப்புத் திருத்தத்தை மட்டும் தள்ளிப்போட வேண்டாம். பூட்லோடரைத் திறந்து பார்க்க ஆசை இருந்தால் அன்றாடப் போனில் வேண்டாம், மேஜை டிராயரில் கிடக்கும் பழைய போனில் செய்யுங்கள். திறந்த நொடியில் உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும், அதற்கு முன்பே படங்களை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், யூ.பி.ஐ. அதில் ஓடாது என்று வைத்துக்கொண்டே ஆரம்பியுங்கள்.